வீதியை மூடினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? நகரத் திருவிழாச் சந்தைகளின் எழுதப்படாத கணக்கு

பெங்களூரு: பசவனகுடியில் ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்தின் கடைசி திங்கட்கிழமையன்று கூடும் 'கடலைக்காய் பரிஷே' எனும் நிலக்கடலைச் சந்தை, 2025-ஆம் ஆண்டில் நவம்பர் 17 முதல் 21 வரை ஐந்து நாள்களுக்கு நடத்தப்பட்டது. வழக்கமாக இரண்டு நாள்களுடன் முடியும் சந்தை நீட்டிக்கப்பட்டதை வியாபாரிகள் வரவேற்றனர். அதே நேரத்தில், நகரின் நெரிசல் மிகுந்த சாலைகளுள் ஒன்றான புல் டெம்பிள் சாலை வேலைநாள்களில் வாகனங்களுக்கு மூடப்படுவதன் விலை என்ன என்ற கேள்வியும் பெரிதாகியுள்ளது.

இக்கேள்வி பெங்களூருக்கு மட்டும் உரியதன்று. மும்பையின் காலா கோடா கலைவிழா, தில்லி தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை, குருகிராமில் தொடங்கிய 'ராஹ்கிரி' நாள், ஹைதராபாத் சார்மினார் பகுதியில் நடந்த ஞாயிறு மாலை நிகழ்ச்சிகள் என நகரின் மையத்தில் வீதியையே களமாகக் கொள்ளும் நிகழ்வுகள் அனைத்துக்கும் இது பொருந்தும். கூட்டம் எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் அறிவிக்கப்படுகிறது. செலவு எவ்வளவு, அதை யார் ஏற்றனர், பயன் யாரைச் சேர்ந்தது என்பவை அரிதாகவே வெளியாகின்றன.

நிலக்கடலையும் நகரமும்

'பரிஷே' என்ற கன்னடச் சொல் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையைக் குறிக்கும். பசவனகுடி முன்பு சுங்கேனஹள்ளி என்ற கிராமமாக இருந்தது. அங்கே நிலக்கடலை வயல்களை ஒரு காளை மேய்ந்து அழித்ததாகவும், அதைச் சாந்தப்படுத்த நந்திக்குக் கோயில் எழுப்பி, முதல் விளைச்சலைப் படைப்பதாக விவசாயிகள் நேர்ந்துகொண்டதாகவும் மரபுக் கதை கூறுகிறது. பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடாவுடன் இக்கோயில் இணைத்துப் பேசப்படுகிறது.

கதை ஒருபுறமிருக்க, சந்தையின் காலம் வேளாண்மையை ஒட்டியே அமைந்துள்ளது. மானாவாரி நிலக்கடலையின் அறுவடை முடிந்து, கையில் காசு தேவைப்படும் பருவம் அது. கோலார், சிக்கபள்ளாப்பூர், ராமநகரா உள்ளிட்ட பகுதிகளிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும், தமிழ்நாட்டின் எல்லையோரப் பகுதிகளிலிருந்தும் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. பச்சைக் கடலை, வறுத்த கடலை, அவித்த கடலை எனக் குவியல்களாக விற்கப்படுகின்றன. இன்று அவற்றின் பின்னால் அமர்ந்திருப்போர் அனைவரும் விவசாயிகள் அல்லர்; மொத்தமாக வாங்கிவந்து விற்கும் வியாபாரிகளும் கணிசமாக உள்ளனர். பொரி, பொம்மை, வளையல், ராட்டினம் என மற்ற கடைகளும் சேர்ந்துகொண்டன.

ஆக, மதம், வேளாண்மை, சிறு வணிகம், நகரவாசிகளின் பொழுதுபோக்கு ஆகிய நான்கும் ஒரே சாலையில் சந்திக்கின்றன. எனவே, இதன் மதிப்பை ஒற்றை எண்ணில் அடக்குவது கடினம்.

கண்ணுக்குத் தெரியும் செலவு

வீதித் திருவிழாவின் நேரடிச் செலவுகளைப் பட்டியலிடுவது ஒப்பீட்டளவில் எளிது. கூடுதல் காவலர்கள், போக்குவரத்துத் தடுப்புகள், தற்காலிக மின் இணைப்பு, குடிநீர், நடமாடும் கழிப்பறைகள், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வாகனம், இரவுத் துப்புரவு ஆகியவை அதில் அடங்கும்.

சிக்கல் என்னவெனில், இவை ஒரே துறையின் கணக்கில் வருவதில்லை. காவலர்களின் பணிநேரம் காவல் துறையின் செலவு. குப்பை மாநகராட்சியின் செலவு. மின்சாரம் மின் வழங்கல் நிறுவனத்தின் செலவு. கோயில் சார்ந்த விழாவாயின் அறநிலையத் துறையும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு துறையும் வழக்கமான ஊதியம், வழக்கமான ஒப்பந்தம் என்ற தலைப்பிலேயே அதை எழுதிக்கொள்வதால், விழாவின் மொத்தச் செலவு எந்த ஒரு கோப்பிலும் முழுமையாகத் தென்படுவதில்லை.

குப்பையைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக உள்ளது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துவோர் குறைந்தது மூன்று வேலைநாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், கழிவைப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்றும் கூறின. ஆனால் பரிஷே போன்ற பாரம்பரியச் சந்தைக்குத் தனியொரு அமைப்பாளர் இல்லை. நூற்றுக்கணக்கான சிறு வியாபாரிகளும் லட்சக்கணக்கான பார்வையாளர்களும் சேர்ந்து உருவாக்கும் கழிவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி, மறுநாள் அதிகாலையில் துடைப்பத்துடன் வரும் துப்புரவுத் தொழிலாளியிடமே சென்று முடிகிறது.

கண்ணுக்குத் தெரியாத செலவு

சாலை மூடப்படுவதால் வீணாகும் நேரமும் செலவுதான். புல் டெம்பிள் சாலையில் பொறியியல் கல்லூரி உள்ளது. சுற்றிலும் குடியிருப்புகளும் கடைகளும் நெருங்கியுள்ளன. சுற்றுவழியில் செல்லும் பேருந்துப் பயணி, தாமதமாகும் ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வாசலுக்கு வாகனம் வர முடியாத முதியவர் ஆகியோர் எந்த ரசீதும் இல்லாமல் இவ்விழாவுக்குப் பங்களிக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மூடப்படும் சாலைக்கும், திங்கள் முதல் வெள்ளி வரை மூடப்படும் சாலைக்கும் இந்தச் செலவு ஒன்றல்ல. இரண்டு நாள் சந்தையை ஐந்து நாளாக்கும்போது விற்பனை இரண்டரை மடங்காக உயரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் சாலை மூடலின் சுமை ஏறத்தாழ அந்த விகிதத்தில் உயரக்கூடும்.

சத்தமும் ஒரு செலவே. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு விதித்துள்ளன. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உள்ளது. அந்தத் தளர்வை எந்த விழாவுக்கு அளிப்பது என்பதும் ஒரு பொதுச் செல்வத்தைப் பங்கிடும் முடிவே.

எல்லாவற்றினும் பெரிய செலவு பாதுகாப்புத் தவறினால் நேர்வது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். அது வீதிச் சந்தையன்று; ஆயினும் நகர மையத்தில் கூட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவதன் விளைவை அது உணர்த்தியது. அதையடுத்து, கூட்டக் கட்டுப்பாட்டு மசோதா ஒன்றைக் கர்நாடக அரசு சட்டமன்றத்தில் கொண்டுவந்தது. இனி எந்த விழாவின் கணக்கிலும் கூட்ட மேலாண்மை முதல் வரியாக இடம்பெற வேண்டியதாகிறது.

விற்பனை எல்லாம் வரவாகுமா?

வரவுப் பக்கத்தில் வழக்கமாகச் சொல்லப்படுவது மொத்த விற்பனை. இதில் எச்சரிக்கை தேவை. பசவனகுடியில் வசிக்கும் ஒருவர் சந்தையில் 500 ரூபாய்க்குக் கடலையும் பொம்மையும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே பணத்தை அவர் அந்த வாரம் பக்கத்துக் கடையில் செலவிட்டிருப்பார் எனில், நகரத்தின் மொத்த வருமானம் கூடவில்லை. ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறியது, அவ்வளவே. வெளியூரிலிருந்து வந்தவர் செலவிடும் பணமும், வழக்கமாக வாங்காத ஒன்றை விழாவுக்காகவே வாங்கும் பணமும்தான் உண்மையில் கூடுதலானவை.

ஆனால் பணம் எந்தக் கைக்கு மாறியது என்பதும் முக்கியமே. இடைத்தரகரின்றி விவசாயி நேரடியாக விற்கும்போது, நுகர்வோர் கொடுக்கும் விலையின் பெரும்பகுதி கிராமத்துக்குச் செல்கிறது. ஆண்டில் சில நாள்கள் கிடைக்கும் இந்த ரொக்கம், அடுத்த பருவத்துக்கான விதைக்கோ பழைய கடனுக்கோ உதவுகிறது. அதே இடத்தில் மொத்த வியாபாரி அமர்ந்தால் இந்தப் பயன் சுருங்குகிறது. ஆகவே, சந்தையில் எத்தனை கடைகள் இருந்தன என்பதைவிட, அவற்றுள் உற்பத்தியாளரின் கடைகள் எத்தனை என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அதே பெங்களூரில் ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் குமார கிருபா சாலையில் நடைபெறும் 'சித்ர சந்தை' இதற்கு நல்ல ஒப்பீடு. கர்நாடக சித்ரகலா பரிஷத் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் இந்த ஓவியச் சந்தையில், பல மாநிலங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் நடைபாதையில் தங்கள் படைப்புகளை வைக்கின்றனர். கலைக்கூடத்தின் வாசலை மிதிக்கத் தயங்கும் குடும்பம் அங்கே ஓவியரிடமே விலை பேசி வாங்குகிறது. ஒருநாள், விடுமுறை நாள், பெயர் சொல்லத்தக்க ஓர் அமைப்பாளர், விற்பவரே படைப்பாளி என நான்கு கூறுகளும் பொருந்தியிருப்பதால் அதன் செலவு குறைவு, பயன் தெளிவு.

மறுபுறம், சாலையோர நிரந்தரக் கடைக்காரர்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. தில்லி கன்னாட் பிளேஸின் உள்வட்டப் பகுதிகளை 2017 பிப்ரவரி முதல் மூன்று மாதங்களுக்கு வாகனமற்ற பகுதியாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, வணிகர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. வாடகையும் வரியும் ஆண்டு முழுவதும் செலுத்துவோர், வாடிக்கையாளரின் வாகனம் வாசலுக்கு வராத நாளை இழப்பாகவே பார்க்கின்றனர். நடந்து வருவோர் அந்த இழப்பை ஈடுசெய்வரா என்பது கடையின் தன்மையைப் பொறுத்தது. தேநீர்க் கடைக்கு லாபமாகும் கூட்டம், மரச்சாமான் கடைக்கு அவ்வாறு இருக்க வாய்ப்பில்லை.

அளந்து பார்த்த ஒரு வீதி

ஊகங்களுக்கு மாற்றாக அளவீட்டை முன்வைத்த முயற்சி ஒன்றும் பெங்களூரிலேயே உண்டு. 2020 நவம்பர் முதல் 2021 பிப்ரவரி வரை சர்ச் ஸ்ட்ரீட் வார இறுதி நாள்களில் வாகனங்களுக்கு மூடப்பட்டது. மாநிலத்தின் நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்குநரகம் முன்னெடுத்த இச்சோதனையில், காற்றின் தரத்தை இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் அளந்தனர். வாகனமற்ற நாள்களில் மாசு குறைந்திருந்தது பதிவானது. மக்களிடமும் கடைக்காரர்களிடமும் கருத்தும் கேட்கப்பட்டது.

சோதனைக் காலம் முடிந்ததும் வாகனங்கள் திரும்பின. ஆயினும், விவாதம் அபிப்பிராயங்களோடு நின்றுவிடாமல் தரவுகளை நோக்கி நகர முடியும் என்பதை அது காட்டியது. பெரும்பாலான வீதி விழாக்களுக்கு இத்தகைய முன்னும் பின்னுமான அளவீடு இதுவரை வாய்க்கவில்லை.

பணத்தில் அடங்காத பயன்

இந்திய நகரங்களில் கட்டணமின்றி, எதையும் வாங்க வேண்டிய கட்டாயமின்றி, குடும்பத்துடன் பொழுதைக் கழிக்கக்கூடிய இடங்கள் சுருங்கி வருகின்றன. வணிக வளாகத்தின் குளிர்ந்த காற்று எல்லோருக்கும் பொதுவெனினும், அதன் வாயிற்காவலரின் பார்வை எல்லோருக்கும் ஒன்றல்ல. வீதிச் சந்தையில் அந்த வாயிலே இல்லை. மென்பொருள் ஊழியரும் கட்டுமானத் தொழிலாளியும் ஒரே குவியலில் கடலை பொறுக்கும் நாள் ஆண்டில் அதிகமில்லை.

2013 நவம்பரில் குருகிராமில் தொடங்கிய ராஹ்கிரி நாள் இதே எண்ணத்தில் எழுந்தது. ஞாயிறு காலையில் சில மணிநேரம் சாலையை வாகனங்களிடமிருந்து பெற்று, நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பதே அதன் நோக்கம். 2014-இல் அது கன்னாட் பிளேஸுக்கும் பரவியது. அங்கு விற்பனை முதன்மையன்று; சாலை யாருடையது என்ற கேள்வியே முதன்மை.

இத்தகைய பயனை அளக்கப் பொருளாதார வல்லுநர்களிடம் வழிகள் உள்ளன. ஒரு விழாவுக்கு வர மக்கள் எவ்வளவு தூரம் பயணித்தனர், எவ்வளவு நேரமும் பணமும் செலவிட்டனர் என்பதிலிருந்து அதன் மதிப்பை உய்த்தறியலாம். விழா நிறுத்தப்படாமல் இருக்க எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பீர்கள் என்று நேரடியாகவும் கேட்கலாம். ஆனால் இரண்டாவது முறை, பணம் உள்ளவரின் விருப்பத்தைப் பெரிதாகவும் இல்லாதவரின் விருப்பத்தைச் சிறிதாகவும் காட்டும் குறைபாடு கொண்டது. இலவச விழாவின் பயன் யாருக்கு மிக அதிகமோ, அவர்களே இக்கணக்கில் மிகக் குறைவாக எண்ணப்படுவர்.

இடம் மாற்றுவது தீர்வாகுமா?

செலவைக் காட்டிச் சந்தையை வேறிடத்துக்கு அனுப்புவது எளிய தீர்வாகத் தோன்றும். தில்லியின் அனுபவம் அதன் இரு பக்கங்களையும் காட்டுகிறது. தரியாகஞ்ச் நேதாஜி சுபாஷ் மார்க் நடைபாதையில் ஞாயிறுதோறும் பரப்பப்பட்ட பழைய புத்தகச் சந்தை, பாதசாரிகளுக்கும் போக்குவரத்துக்கும் இடையூறு என்ற அடிப்படையில், 2019 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்ற உத்தரவால் நிறுத்தப்பட்டது. பல வாரங்கள் வருமானம் இழந்த வியாபாரிகள், அதே ஆண்டு செப்டம்பரில் ஆசஃப் அலி சாலையிலுள்ள மகிளா ஹாட் வளாகத்தில் இடம்பெற்றனர். வாகனங்களின் இடையூறின்றி, சுற்றுச்சுவருக்குள் கடை விரிக்க முடிந்தது. ஆனால் வழிப்போக்கராக வந்து தற்செயலாக ஒரு புத்தகத்தில் கண் பதித்து நின்ற வாசகரைச் சுவருக்குள் எதிர்பார்க்க முடியாது. தேடி வருபவரே வருவார்.

கொல்கத்தாவில் 1976-இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சி பல ஆண்டுகள் மைதானத்தில் நடந்தது. சுற்றுச்சூழல் காரணமாக உயர் நீதிமன்றம் தலையிட்டதால் 2007-இல் சால்ட் லேக் விளையாட்டரங்குக்குச் சென்றது. 2008-இல் பார்க் சர்க்கஸில் தொடக்கத்துக்குச் சற்று முன்னர் தடைபட்டது. பின்னர் மிலன் மேளா வளாகம், 2018 முதல் சால்ட் லேக் சென்ட்ரல் பார்க் என இடம் மாறியது. இன்றும் அங்கு பெருங்கூட்டம் கூடுகிறது. வலுவான அமைப்பாளரும், அதற்காகவே புறப்பட்டு வரும் வாசகர் கூட்டமும் இருந்தால் விழா இடமாற்றத்தைத் தாங்கும். நடைபாதைச் சிறு வியாபாரிக்கு இவை இரண்டும் இல்லை.

பசவனகுடிக்கோ இந்தக் கேள்வியே வேறு வகையானது. நந்திக் கோயிலின் முன் படைக்கப்படும் கடலையை நகரத்துக்கு வெளியே உள்ள கண்காட்சித் திடலுக்கு மாற்றினால், அது மற்றுமொரு விற்பனை விழாவாகும், பரிஷேயாக இருக்காது.

சட்டம் தரும் பாதுகாப்பும் அதன் எல்லையும்

2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், மரபாக மக்கள் கூடி வாங்கி விற்கும் இடத்தை 'இயல்புச் சந்தை' என வரையறுக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெரு வியாபாரிகள் தொழில் செய்யும் இயல்புச் சந்தைகள் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்கப்பட வேண்டும், அங்குள்ளோரை இடம்பெயர்க்கக் கூடாது என்பதும் அதன் அட்டவணையில் உள்ளது. முடிவெடுப்பதில் பங்குபெற நகர வியாபாரக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும். அவற்றின் உறுப்பினர்களில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும்.

நடைமுறையில், கணக்கெடுப்பில் பெயர் ஏறி, சான்றிதழ் பெற்ற அன்றாட வியாபாரியைச் சுற்றியே இந்த ஏற்பாடு இயங்குகிறது. ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டும் கோலாரிலிருந்தோ எல்லைக்கு இப்பாலிருந்தோ மூட்டையுடன் வரும் விவசாயி அந்தப் பட்டியலில் இடம்பெறுவது கடினம். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஸ்வநிதி திட்டம் தெரு வியாபாரிகளுக்குப் பிணையின்றிச் சிறுகடன் அளிக்கிறது. கடன் கிடைத்தும் கடை விரிக்க உறுதியான இடம் இல்லாவிட்டால், அந்தக் கடன் சுமையாகவே மாறும்.

என்ன செய்யலாம்?

முன்னுதாரணங்கள் இல்லாமலில்லை. மும்பையில் 1998-இல் உருவான காலா கோடா சங்கம், 1999 முதல் கலைவிழாவை நடத்துவதோடு, அப்பகுதியின் பாரம்பரியக் கட்டடங்களையும் வீதிகளையும் பேணுவதைத் தன் நோக்கமாகக் கொண்டது. 2023-இல் சீரமைப்பு முடிந்து திறக்கப்பட்ட டேவிட் சசூன் நூலகத்தின் பணியிலும் அதற்குப் பங்குண்டு. ஹைதராபாத்தில் 1938 முதல் நடக்கும் 'நுமாயிஷ்' பொருட்காட்சி வீதியில் அன்றி நகர மையத்திலுள்ள திடலில் கட்டணத்துடன் நடந்தாலும், அதை நடத்தும் பொருட்காட்சிச் சங்கம் கல்வி நிறுவனங்களை நடத்திவருகிறது. இரு நகரங்களிலும் விழாவின் ஆதாயத்தில் ஒரு பங்கு ஊருக்கே திரும்புவதைச் சுட்டிக்காட்ட முடிகிறது.

பிற நகரங்கள் இதிலிருந்து சில எளிய பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, ஒவ்வொரு விழா முடிந்ததும் எல்லாத் துறைகளின் செலவையும் ஒரே தாளில் தொகுத்து வெளியிடுவது. இரண்டாவது, கூட்டத்தின் எண்ணிக்கையை அறிவிப்பதோடு நிற்காமல், எத்தனை விற்பனையாளர்கள் உற்பத்தியாளர்கள், எத்தனை பேர் பெண்கள், சராசரியாக என்ன ஈட்டினர் என்ற மாதிரிக் கணக்கெடுப்பை நடத்துவது. மூன்றாவது, கட்டணத்தைத் தாங்கும் திறனுக்கேற்ப அமைப்பது. ராட்டினக்காரரும் விளம்பரப் பதாகை வைக்கும் நிறுவனமும் கொடுப்பதையே ஒரு மூட்டைக் கடலையுடன் வருபவரிடமும் கேட்பது நியாயமன்று. நான்காவது, அப்பகுதிக் குடியிருப்போரையும் நிரந்தரக் கடைக்காரர்களையும் திட்டமிடும் கட்டத்திலேயே அழைப்பது.

நாள்களின் எண்ணிக்கையும் இந்தக் கணக்கிலிருந்தே முடிவாக வேண்டும். ஐந்து நாள்களில் கடைசி இரண்டு நாள்கள் விவசாயிக்கு உண்மையில் என்ன தந்தன என்பது தெரிந்தால், அடுத்த ஆண்டு ஐந்தா, மூன்றா, இரண்டா என்பதை ஆரவாரமின்றித் தீர்மானிக்கலாம்.

கணக்கு இல்லாத இடத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஆதரவாளர்கள் கூட்டத்தைக் காட்டி எல்லாச் செலவையும் நியாயப்படுத்துவர். எதிர்ப்பாளர்கள் ஒருநாள் நெரிசலைக் காட்டி நூற்றாண்டுகளின் வழக்கத்தை அகற்றக் கோருவர். இரண்டிலும் முதலில் இடம் இழப்பவர் சங்கமோ வழக்கறிஞரோ இல்லாத சிறு வியாபாரிதான். அடுத்த கார்த்திகையில் புல் டெம்பிள் சாலையின் தடுப்புகள் மீண்டும் நிற்கும்போது, அவற்றுக்கு உள்ளே இருப்பவரும் வெளியே காத்திருப்பவரும் ஒரே கணக்கைப் படித்திருந்தால், விவாதத்தின் பாதிச் சூடு தணிந்துவிடும்.